வலியையும் அளந்து பாருங்கள்

மும்பையில் 3 முதல் 19 வயது வரையுள்ள 829 குழந்தைகளின் மூட்டுகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2008-இல் வெளிவந்தது. அவர்களில் 58.7 விழுக்காட்டினருக்கு மூட்டுகள் அளவுக்கு மீறி வளைகின்றன என்றது அந்த ஆய்வு. நூறில் ஏறத்தாழ ஐம்பத்தொன்பது குழந்தைகள் அளவு மீறியவர்கள் என்றால், அந்த அளவை யாரை வைத்து எடுத்தார்கள் என்று கேட்காமல் இருக்க முடியாது. உலகெங்கும் மருத்துவர்கள் இதற்குப் பயன்படுத்துவது பீட்டர் பெய்ட்டன் பெயரால் வழங்கும் ஒன்பது மதிப்பெண் சோதனை. சுண்டுவிரல் பின்பக்கமாகத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடங்குகிறதா, கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கையும் முழங்காலும் பத்துப் பாகைக்கு மேல் பின்னே வளைகின்றனவா என்று இரு பக்கமும் பார்த்து எட்டு மதிப்பெண். முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் பதித்தால் ஒன்று. தென்னாப்பிரிக்காவின் ட்ஸ்வானா மக்களிடம் பெய்ட்டன் குழுவினர் நடத்தி 1973-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு இன்றைய வடிவம் கிடைத்தது. அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, 1949-இல், கட்டைவிரல் மூட்டுகளை ஒப்பிட்ட ஹாரிஸ், ஜோசப் இருவரும் ஐரோப்பியரைவிட இந்தியரின் விரல்கள் கூடுதலாகப் பின்வளைவதைப் பதிவு செய்திருந்தார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் பதினான்கு வயதை ஒட்டிய ஆறாயிரம் பேரைச் சோதித்தபோது, நான்கு மதிப்பெண்ணோ அதற்கு மேலோ பெற்றவர்கள் பெண்களில் 27.5 விழுக்காடு, ஆண்களில் 10.6 விழுக்காடு. மும்பை ஆய்வில் சிறு குழந்தைகளும் இருந்தார்கள், சிறு வயதில் மூட்டு இயல்பாகவே இளகியிருக்கும் என்பதால் இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் வைக்கக் கூடாது. ஆனாலும் இடைவெளி பெரியது. நம் நாட்டில் மூட்டின் வளைவை மட்டும் அளந்துகொண்டிருந்தால், உதவி தேவைப்படும் பிள்ளையையும் நலமாக ஓடியாடும் பிள்ளையையும் பிரித்தறிய முடியாது. பிரித்துக் காட்டக்கூடிய வேறொன்று இருக்கிறது. அது வலி உணர்திறன். நம் வளரிளம் பருவத்தினரிடம் அதை அளந்து பார்க்க வேண்டும் என்பதும், அதற்கு விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி மிகப் பொருத்தமான இடம் என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

மூட்டு அதிகம் வளைவது, அதாவது மிகைநெகிழ்வு, தன்னளவில் நோய் அல்ல. பரதநாட்டியத்திலும் ஜிம்னாஸ்டிக்ஸிலும் யோகாசனப் போட்டிகளிலும் அது வரமாகக்கூட இருக்கிறது. சிலருக்கு மட்டும் அதே வளைவு வேறு முகம் காட்டுகிறது. ஒரே கணுக்கால் திரும்பத் திரும்பப் பிசகுகிறது. தோள் நழுவுகிறது. மாலையானால் கால் உளைச்சல். எழுதினால் விரல் வலி. காலையில் எழும்போதே உடம்பு சடவு. இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் ஒன்றுமில்லை என்றே சொல்லும். 2017-இல் வெளியான பன்னாட்டு வகைப்பாடு, இத்தகைய தொல்லைகளை உண்டாக்கும் இணைப்புத் திசு நோய்களான எலர்ஸ்-டான்லோஸ் நோய்த்தொகுதியைப் பதின்மூன்று வகைகளாகப் பிரித்தது. கொலாஜன் போன்ற இணைப்புத் திசுப் பொருள்களை உருவாக்கும் மரபணுக்களின் பிழைகள் மற்ற வகைகளில் அடையாளம் காணப்பட்டிருக்க, மிகுதியாகக் காணப்படும் மிகைநெகிழ்வு வகைக்கு மட்டும் பொறுப்பான மரபணு இன்னும் உறுதிப்படவில்லை. அந்த வகைக்கான விதிகளுக்குள் முழுதாக அடங்காமல், ஆனால் வலியோடும் தொல்லையோடும் வருபவர்களுக்கு மிகைநெகிழ்வு நிறமாலைக் கோளாறு என்று ஒரு பெயர் அப்போது கொடுக்கப்பட்டது. ஆக, மருத்துவர் கையில் இரத்தப் பரிசோதனையும் இல்லை, மரபணுச் சோதனையும் இல்லை. இருப்பது மூட்டை வளைத்துப் பார்ப்பதும் நோயாளி சொல்வதைக் கேட்பதும்தான். வளைத்துப் பார்ப்பது நம் பிள்ளைகளிடம் எவ்வளவு குறைவாகப் பிரித்துச் சொல்கிறது என்பதை மும்பை எண் காட்டிவிட்டது.

வளைவுக்கும் வலிக்கும் தொடர்பே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. லக்னோவில் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு, மிகைநெகிழ்வுக்கும் தசை, எலும்பு, மூட்டு வலிக்கும் தொடர்பு கண்டது. பிரிஸ்டல் குழுவிலேயே ஏறத்தாழ 2,900 பேரைப் பதினான்கு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை தொடர்ந்து பார்த்து 2013-இல் எழுதினார்கள். ஆறு மதிப்பெண் என்ற கடுமையான எல்லையைத் தாண்டியவர்களுக்குத் தோள், முழங்கால், கணுக்கால் அல்லது பாதத்தில் வலி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.7 முதல் 1.8 மடங்கு வரை இருந்தது. உடற்பருமனும் சேர்ந்துகொண்டால் முழங்கால் வலியின் வாய்ப்பு இன்னும் வெகுவாக உயர்ந்தது. இந்த எண்ணுக்கு இரண்டு பக்கம் உண்டு. வாய்ப்பு கூடுகிறது என்பது ஒரு பக்கம். மூட்டு நன்றாக வளையும் பலர் வலியின்றியே பதினெட்டைத் தொட்டார்கள் என்பது மறுபக்கம். ஒரே அளவு வளையும் இரண்டு முழங்கால்களில் ஒன்று ஏன் வலிக்கிறது, மற்றொன்று ஏன் வலிப்பதில்லை என்பதற்கு மூட்டுக்கு வெளியே விடை தேட வேண்டியிருக்கிறது.

அந்த விடையின் ஒரு பகுதி நரம்பு மண்டலத்தில் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. வலி உணர்திறனைக் காட்டும் வலித் தொடக்க அளவை அறிய உதவும் கருவி மிக எளிமையானது. ஒரு சதுர சென்டிமீட்டர் அளவுள்ள ரப்பர் முனை பொருத்திய அழுத்தமானியைத் தசையின் மேல் வைத்து, சீரான வேகத்தில் அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள். அழுத்தம் வலியாக மாறும் கணத்தில் சோதனைக்கு உட்படுபவர் போதும் என்கிறார். அந்த எண் குறிக்கப்படுகிறது. வலிக்கும் முழங்காலில் எண் குறைவாக இருந்தால் அது வியப்பில்லை. எந்தத் தொல்லையும் இல்லாத இடத்தில், முன்கையிலோ கணைக்கால் முன்தசையிலோ, எண் குறைவாக இருந்தால் கதை வேறு. மூட்டிலிருந்து போகும் சமிக்ஞையை முதுகுத்தண்டும் மூளையும் பெரிதாக்குகின்றன என்று பொருள். பாடுபவர் மெல்லப் பாடினாலும் ஒலிபெருக்கியின் திருகை யாரோ கூட்டி வைத்திருப்பதைப் போல. நெதர்லாந்து ஆய்வாளர் ஷெப்பரும் உடன் பணியாற்றியவர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மிகைநெகிழ்வு நோய் கண்டறியப்பட்ட குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் உடல் முழுவதும் வலித் தொடக்க அளவு குறைந்திருந்தது. நோயுள்ளவரையும் இல்லாதவரையும் வேறுபடுத்த அது கூடுதல் அடையாளமாக உதவலாம் என்றும் அவர்கள் எழுதினார்கள். நம் வாதத்துக்கு இதுவே முதன்மையான சான்று. வேறு சில ஆய்வுகள் இன்னும் உள்ளே போயின. ஓரிடத்தில் வலி ஏற்படும்போது இன்னோரிடத்து வலியைத் தணித்துக்கொள்ளும் இயல்பு நம் உடலுக்கு உண்டு. இந்த நோயாளிகளிடம் அந்தத் தணிப்பு குறைந்திருப்பதை இத்தாலியில் 2020-இல் வெளிவந்த ஆய்வொன்று கண்டது. அதே நாட்டில் 2016-இல், எலர்ஸ்-டான்லோஸ் உள்ள பெரியவர்கள் சிலரின் தோல் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், வலியைக் கடத்தும் மெல்லிய நரம்பிழைகளே குறைந்திருப்பதைக் கண்டார்கள். இவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். பெரும்பாலானவை பெரியவர்களிடம் செய்தவை. மருத்துவமனைக்கு வந்துசேர்ந்தவர்களிடம் செய்தவை.

இங்கேதான் பெரிய ஓட்டை தெரிகிறது. வலி உணர்திறன் முதலில் கூடி, அதனால் வலி நோய் வருகிறதா? பல ஆண்டு வலியைத் தாங்கித் தாங்கி நரம்புகள் கூர்மையாகிவிட்டனவா? ஒரே நாளில் ஒரே முறை அளக்கும் ஆய்வு இதைச் சொல்லாது. வலி தொடங்குவதற்கு முன்பிருந்தே பின்தொடர வேண்டும். அதற்கான வயது வளரிளம் பருவம். எலும்பு வேகமாக நீளும், தசை பின்தங்கி வளரும், பெண்களிடம் வலிப் புகார்கள் ஆண்களைவிட மேலேறத் தொடங்கும் ஆண்டுகள் அவை. நாற்பது வயதில் அளப்பவர் விளைவைத்தான் பார்க்கிறார். பன்னிரண்டு வயதில் அளக்கத் தொடங்குபவருக்குக் காரணத்தைப் பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது. மும்பை ஆய்வும் லக்னோ ஆய்வும் மூட்டுகளை அளந்தன, தொல்லைகளைக் கேட்டன; வலித் தொடக்க அளவை அவை எடுக்கவில்லை. அந்த வேலை நமக்காகக் காத்திருக்கிறது.

அந்த வேலையைத் தொடங்க நான் சொல்லும் இடம் ஆலங்குளம். அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்குத் தென்காசி மாவட்டத்து ஊர் நினைவுக்கு வரும். இங்கே சொல்வது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். 1970-இல் தொடங்கிய அரசு சிமெண்ட் ஆலை இருக்கும் ஊர். ஒரு பக்கம் 1936 முதல் நூற்பாலைகள் ஓடும் ராஜபாளையம், மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் சத்திரப்பட்டி; இன்னொரு பக்கம் கைத்தறியும் பால்கோவாவும் பேர் பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்; கிழக்கே சிவகாசியின் தீப்பெட்டியும் பட்டாசும். இந்த வட்டாரத்தில் உழைப்பு என்றால் பெரும்பாலும் மூட்டுகளின் உழைப்பு. எட்டு மணி நேரம் நின்றும் நடந்தும் அறுந்த நூலை முடிச்சிடுவது, சம்மணமிட்டு உட்கார்ந்து விரல்களால் ஒரே அசைவை ஆயிரக்கணக்கான முறை செய்வது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஆலை வண்டியில் ஏறும் பெண்கள் இங்கே குறைவில்லை. பதினாறு வயதில் முழங்கால் வலி என்று சொன்னபோது கவனிக்கப்படாத ஒருத்தி, பத்தொன்பது வயதில் நூல் நூற்கும் ரிங் பிரேம் எந்திரத்தின் முன்னால் நிற்கும்போது, அவள் உடம்பின் கணக்கு ஆலையின் கணக்கோடு மோதுகிறது. வலி தாங்காமல் நின்றுவிட்டால் வருமானம் போகிறது. மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையோடு தொடர்ந்தால் வயிறும் சிறுநீரகமும் விலை கொடுக்கின்றன. நரம்பு கூர்மையானதால் வரும் வலிக்கு அந்த மாத்திரைகள் பெரிதாகக் கேட்பதும் இல்லை. இப்பகுதியைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. மும்பை ஆய்வு ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளிடம் மிகைநெகிழ்வு கூடுதலாக இருப்பதைக் கண்டது. விருதுநகர் மாவட்டமோ, 2018-இல் நிதி ஆயோக் தேர்ந்தெடுத்த முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் இராமநாதபுரத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது. உடல்நலமும் ஊட்டமும் அந்தத் திட்டத்தில் தொடர்ந்து கண்காணிக்கப்படுகின்றன. அளந்து பார்க்கும் பழக்கம் இம்மாவட்ட நிர்வாகத்துக்குப் புதிதல்ல.

முதல் மறுப்பு அறிவியல் வழியில் வரும். வலி ஆளுக்கு ஆள் மாறுவது, பதின்வயதுப் பிள்ளை சொல்வதை எண்ணாக்கினால் அது அறிவியலாகுமா என்று கேட்பார்கள். வலி தனிமனித அனுபவம் என்பதைப் பன்னாட்டு வலி ஆய்வுக் கழகம் 2020-இல் திருத்திய வரையறையின் குறிப்புகளிலேயே சொல்லிவிட்டது. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதும் அந்தக் குறிப்புகளில் ஒன்று. கண் பரிசோதனையில் எந்த வரி வரை தெரிகிறது என்று நாம் பிள்ளையைத்தான் கேட்கிறோம், காது கேட்கும் சோதனையிலும் அப்படியே. அதே இடத்தில் மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது, வேறொரு நாளில் மீண்டும் அளப்பது, மூட்டு எவ்வளவு வளையும் என்பது அளப்பவருக்குத் தெரியாமல் வைப்பது என்று பிழையைக் குறைக்கும் வழிகள் இருக்கின்றன. வினாத்தாள் இந்த ஊர்ப் பிள்ளைகள் பேசும் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலத்திலிருந்து பெயர்த்ததை நீட்டினால் வரும் விடையை நம்ப முடியாது. பிள்ளைகளுக்கு வலி உண்டாக்குவது அறமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அழுத்தச் சோதனை வலி தொடங்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. நிறுத்தும் உரிமை பிள்ளையின் கையில் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளையின் இசைவையும் கேட்கின்றன. 12 வயதுக்கு மேல் அந்த இசைவு எழுத்தில் வேண்டும். உடலின் வலித் தணிப்பை அளக்கப் பனிக்கட்டி நீரில் கையை அமிழ்த்தி வைக்கும் சோதனை பள்ளியில் நடத்தத் தக்கதல்ல என்பது என் கருத்து. அதை மருத்துவக் கல்லூரியில், விரும்பி வருபவர்களிடம் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இரத்தசோகையைப் பாருங்கள், அதற்கே வழியில்லாத இடத்தில் இது எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. அக்கறையோடு கேட்கப்படுவது, ஒதுக்கித் தள்ளக் கூடாதது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். சோர்வும் கால் உளைச்சலும் இரத்தசோகையாலும் வரும், வைட்டமின் டி குறைவாலும் வரும், தைராய்டாலும் வரும். ஆகவே இந்த ஆய்வு அவற்றையும் சேர்த்து அளக்காமல் நடக்க முடியாது. வலிக்கிறது என்று சொல்லும் ஒரு மாணவிக்கு ஹீமோகுளோபின் பார்த்து, குறை இருந்தால் சரிசெய்து, அதன் பிறகும் வலி நிற்கிறதா என்று பார்ப்பதுதான் முறை. இரும்புச்சத்து மாத்திரையால் தீரும் வலி எது, தீராத வலி எது என்று இன்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. மாத்திரை கொடுத்ததோடு கோப்பு மூடப்படுகிறது. ஊட்டக்குறைவும் மூட்டு நெகிழ்வும் வலியும் ஒரே உடம்பில் சந்திக்கும்போது ஒன்றைப் பார்க்க மற்றொன்றை விட வேண்டும் என்ற வாதம் நிற்காது.

மூன்றாவது மறுப்பை மருத்துவர்களே சொல்வார்கள், எனக்கும் அதில் பாதி உடன்பாடு. நலமாக இருக்கும் பிள்ளையிடம் உனக்கு மூட்டுக் கோளாறு, உன் நரம்பு கூர்மையானது என்று சொன்னால் அந்தச் சொல்லே வலியை வளர்க்கும். ஓட்டத்தை நிறுத்துவார்கள், பெண் பிள்ளை என்றால் கல்யாணத்தில் கொண்டுபோய் முடிச்சுப் போடுவார்கள். இந்த அச்சம் நியாயமானது. 2023-இல் வெளியான குழந்தைகளுக்கான பன்னாட்டு வழிகாட்டுச் சட்டகமும் இதே கவலையோடுதான் எழுதப்பட்டது. வளர்ச்சி முடியும் முன் மிகைநெகிழ்வு வகை எலர்ஸ்-டான்லோஸ் என்று முத்திரை குத்த வேண்டாம் என்றது. தொல்லை இல்லாத வளைவையும் தொல்லை தரும் வளைவையும் தனித்தனியாகப் பிரித்தது. எனவே ஆய்வில் பங்கேற்கும் பிள்ளைக்கு நோய்ப் பெயர் எதையும் கொடுக்கக் கூடாது. எண்கள் ஆய்வாளரிடம் இருக்கட்டும். சிகிச்சை தேவைப்படுபவருக்கு மட்டும் தனியாகச் சொல்லப்படட்டும். ஆனால் வலியோடு இருக்கும் பிள்ளை இன்று முத்திரை இல்லாமல் இருக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். சோம்பேறி, நடிக்கிறாள், பி.டி. பீரியடுக்கு மட்டும் வயிற்றுவலி வரும் என்ற பெயர்கள் ஏற்கெனவே குத்தப்பட்டுவிட்டன. அவற்றுக்கு எந்த நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தேவைப்படவில்லை.

கண்டுபிடித்து என்ன செய்வது, மருந்தே இல்லையே என்பது கடைசி மறுப்பு. மருந்து இல்லை, உடற்பயிற்சி இருக்கிறது. இங்கிலாந்தில் 57 குழந்தைகளிடம் நடந்து 2010-இல் வெளியான சோதனையில், பொதுவான உடற்பயிற்சி பெற்றவர்களுக்கும் மூட்டைக் குறிவைத்த பயிற்சி பெற்றவர்களுக்கும் வலி குறைந்தது; இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. அதே நாட்டில் 119 குழந்தைகளிடம் நடந்த இன்னும் விரிவான ஒன்று 2019-இல் வெளியானது. பல துறையினர் சேர்ந்து கொடுத்த சிகிச்சை, வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. இதைக் காட்டி எதுவும் பயனில்லை என்று வாதிடலாம். நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். தசை பலவீனத்தால் வலிக்கும் பிள்ளையையும், நரம்பு கூர்மையானதால் வலிக்கும் பிள்ளையையும் ஒரே குழுவில் போட்டு ஒரே சிகிச்சை கொடுத்தால் சராசரி அசையாது. முதல் பிள்ளைக்குத் தசையை வலுவாக்கும் பயிற்சியைத் தயங்காமல் கொடுக்கலாம். இரண்டாவது பிள்ளைக்கு அதையே கொடுத்தால் மறுநாள் எழ முடியாமல் படுக்கும், வீட்டார் பயிற்சியை நிறுத்திவிடுவார்கள். அந்தப் பிள்ளைக்கு மிகக் குறைவாகத் தொடங்கி வாரம் வாரமாகக் கூட்டும் பயிற்சியும், ஒழுங்கான தூக்கமும், வலிப்பது எல்லாம் சேதமல்ல என்ற விளக்கமும் தேவை. இப்படிப் பிரித்துக் கொடுத்தால் பலன் கூடுமா என்பது இன்னும் நிரூபிக்கப்பட வேண்டியது. நிரூபிக்க முதலில் பிரிக்க வேண்டும். பிரிக்க, வலி உணர்திறனை அளக்க வேண்டும்.

இதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம். 2022 ஜனவரியில் தொடங்கிய விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குழந்தை மருத்துவமும் எலும்பு மருத்துவமும் சமூக மருத்துவமும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் மூன்று துறையும் சேர்ந்து ஆய்வுத் திட்டம் எழுதலாம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் 18 வயது வரையுள்ளோரைப் பரிசோதிக்க ஆண்டுக்கொரு முறை அரசுப் பள்ளிகளுக்கு வருகின்றன. பிறவிக் குறைபாடு, ஊட்டக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என்பவை அவர்கள் பார்ப்பவை. மூன்று மாதமாக வலி இருக்கிறதா, எங்கே, பள்ளிக்கு வராமல் நின்ற நாள் உண்டா என்ற மூன்று கேள்விகளை அந்தப் படிவத்தில் சேர்ப்பதற்குச் செலவு இல்லை. மேல்நிலைப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை பெரும்பாலும் பன்னிரண்டு வரை அதே வளாகத்தில் படிக்கிறது; ஒவ்வொரு மாணவருக்கும் கல்வித் தகவல் மேலாண்மை முறையின் (எமிஸ்) எண் உண்டு. ஏழாண்டு பின்தொடர்வதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறெங்கும் எளிதில் அமையாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிப் போகிறார்கள். இன்று அவர்கள் பெரும்பாலும் முதியவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் பார்க்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள் ஆலங்குளத்துப் பள்ளி வளாகத்தில் அவர்களை உட்கார வைக்க ஓர் உத்தரவு போதும். அழுத்தமானி சில வாங்க வேண்டும், இரண்டு ஆய்வு உதவியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், அளப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், செலவு அவ்வளவே. தோல் அளவுக்கு மீறி இழுபடும் பிள்ளை, குடும்பத்தில் இளவயதில் இரத்தக்குழாய் வெடித்து இறந்தவர் உள்ள பிள்ளை, மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் பிள்ளை வந்தால் ஆய்வுக்குக் காத்திராமல் உடனே மதுரைக்கு அனுப்பும் விதியும் முதல் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். ஆண்டுதோறும் கிடைக்கும் முடிவுகள் மருத்துவ இதழுக்குப் போகும் முன், இந்த வட்டாரத்து உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் தமிழில் சொல்லப்பட வேண்டும். வலிக்கிறது என்று ஒரு மாணவி வந்து நின்றால் மைதானத்தில் எதைக் குறைப்பது, எதை விடாமல் செய்ய வைப்பது என்று மறுநாள் காலை முடிவெடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.